மாத்திரைப் பெட்டியில் இல்லாதது

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து ஈரப்பனி. அப்பா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கால் நகரவில்லை. காகித ஆலையில் உருளை புரட்டிய மனிதர்! வசந்தத்தில், இந்த வடகோடி ஊரான கெமியில் ஆலை மூடியதும் சிகரெட்டை விட்டார். உடம்பு தேறும் என்று நினைத்தோம். இரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் தளர்கிறது. சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். தொலைபேசியில் நாலு வார்த்தை, இன்னொரு மாத்திரை.

"மாத்திரைதான் என்னைக் கொல்லுது. வெள்ளிக்கிழமை டாக்டர் போன் பண்ணட்டும், சொல்லிட்டு அத்தனையும் குப்பையில போடறேன்."

"பெரியப்பாவுக்கு ஆனது மறந்துபோச்சா?"

"அவன் வேற."

என்ன வேறு? பெரியப்பாவும் இப்படித்தான் நிறுத்தினார். இப்போது ஒரு பக்க வாயால் பேசுகிறார்.

அக்டோபர் 15

அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த இணையப் பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, புன்னகை. 'டாக்டர்கள் மறைக்கும் உண்மை.' எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, ஆதாரம் இல்லை. கடைசியில் மூலிகைக் குளிகை டப்பா, 'கூடையில் சேர்' பொத்தான். திருடர்கள்.

பொய்க்குப் பூட்டே இல்லை. உண்மைக்கு மட்டும் கல்லூரிச் சந்தா. நான் செவிலியர் படிப்பதால் எனக்குக் கதவு திறக்கிறது. அப்பாவுக்கு?

அக்டோபர் 16

கல்லூரி நூலகம். அப்பாவின் மாத்திரைகளை மருந்துத் தரவுத்தளத்தில் போட்டு, ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்த்தேன். பெரிதாக எதுவும் இல்லை. நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதைப் பல வருடமாகப் போடுகிறாரே? அப்போது வராத தளர்ச்சி இப்போது ஏன்?

நூலகத்தில் வேலை செய்யும் தோழி கைஸு திரையை எட்டிப் பார்த்தாள். அப்பா கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"மாத்திரை பேரையே சுத்திச் சுத்தி வர்றியே. உடம்புல நடக்கறதைத் தேடுடி. அழுத்தம் ஏறுது, கால் தளருது. ரெண்டையும் சேத்துப் போடு."

"அவர் வேற எதுவும் சாப்பிடறதில்ல."

"வாய்க்குள்ள வேற எதுவுமே போறதில்லையா?" கேட்டுக்கொண்டே என் பொட்டலத்தில் கையை விட்டு ஒரு சல்மியாக்கியை எடுத்தாள். கறுப்பு உப்பு மிட்டாய். இங்கே யார் பையிலும் இருக்கும்.

தேடினேன். ஹார்மோன் நோய், சிறுநீரகம் — நடுவில் ஒரு செடியின் பெயர். அதிமதுரம். அதிகம் தின்றால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அழுத்தம் ஏறும், தசை தளரும். நீர் பிரியும் மாத்திரையோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

நான் மென்றுகொண்டிருந்த மிட்டாய் வாயிலேயே நின்றது. பொட்டலத்தைத் திருப்பினேன். சர்க்கரை, மாவு, அதிமதுரச் சாறு.

சிகரெட்டை விட்டதிலிருந்து அப்பாவுக்குத் தினம் ஒரு பொட்டலம். வாங்கித் தருவது நான். பரிசாக.

ஒரே கட்டுரையை நம்பக்கூடாது. ஆய்வுத் தொகுப்புகளைத் திறந்தேன்; எந்த ஆண்டு, யார் எழுதியது, யார் பணம் கொடுத்தது, எல்லாம் பார்த்தேன். அதே பதில்தான். முதலில் தேடிய மருந்துத் தரவுத்தளத்திலும் அது இருந்தது! நான் மாத்திரைகளை மட்டும் கேட்டேன். அது மாத்திரைகளைப் பற்றி மட்டும் சொன்னது. மிட்டாயை யார் கேட்பார்கள்?

அக்டோபர் 17, வெள்ளி

நேற்றே சொல்லியிருப்பேன், நான் வருவதற்குள் தூங்கிவிட்டார். காலையில் சொன்னதும் சிரித்தார்.

"மிட்டாயா? அப்படின்னா இந்த நாடே படுத்திருக்கணுமே, டாக்டரம்மா!"

"நாடு தெனம் ஒரு பொட்டலம் திங்கலப்பா. நீ திங்கற. இந்தா கட்டுரை, படிச்சுப் பாரு."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"நான் படிக்கறேன். உக்காரு."

உட்கார்ந்தார். டாக்டர் அழைத்தபோது தொலைபேசியைப் பிடுங்கி நானே பேசினேன். தினம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். பிறகு: "இப்பவே கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுக்கணும். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. மிட்டாய நிறுத்துங்க."

அக்டோபர் 18

பொட்டாசியம் அபாய அளவுக்குக் குறைந்திருக்கிறது. இதயத்தைக் கண்காணிக்க ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அழவில்லை. ஆத்திரமா வருது. எத்தனை டாக்டர் பேசினாங்க! என்ன சாப்பிடறேன்னு ஒரு மனுஷனக் கேக்கறதுக்குக்கூட அவங்களுக்கு நேரம் குடுக்காதவன் எவன்?

நவம்பர் 9, இங்கே தந்தையர் தினம்

நிற்காமல் படியேறினார். கடைசியாகச் சேர்த்த மாத்திரையை டாக்டர் எடுத்துவிட்டார். மிட்டாய் இல்லாமல் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். விழட்டும்.

டிசம்பர் 3

வெளியாட்களுக்கென்று எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு கணினி. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் தரவுத்தளம் திறக்கும், வீட்டிலிருந்து திறக்காது. வகுப்பு முடிந்து போனால், அந்த நாற்காலியில் அப்பா. பக்கத்தில் ஆலை நண்பர் வெய்க்கோ, கையில் மூட்டுவலிக் குளிகை டப்பா, வாயில் எதையோ மென்றபடி. கைஸு என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள்.

அப்பா உள்ளூர் மொழிப் பக்கத்தில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"விக்கறவன் சொல்றத விடுடா. டப்பால பொடி எழுத்துல என்ன இருக்கு, அதப் படி. வேற என்ன மாத்திரை போடற?"

"அழுத்தத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான்."

அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"வாய்க்குள்ள வேற எதுவுமே போறதில்லையா?"

வெய்க்கோவின் தாடை அசைவது நின்றது.