ஐந்து மூச்சு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது. தபால்காரரையாவது திருப்பி அனுப்பிவிடாதே.

குட்டி நன்றாக இருக்கிறாள். நேற்று கடைசிப் பரிசோதனை. நடக்கச் சொன்னால் ஓடினாள். எண்ணச் சொன்னால் இருபது வரை எண்ணி, பதினேழை மட்டும் வழக்கம்போல விழுங்கினாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "தண்ணியிலேர்ந்து எடுத்த உடனே மூச்சு கொடுத்திருக்காங்க. அதனாலதான் மூளைக்கு ஒண்ணும் ஆகல" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

நீ வந்து ஐந்து மாதமாகிறது. விருந்தன்று நீச்சல் குளத்தருகே அவளைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவள் தண்ணீரில் விழுந்ததை நீ கவனிக்கவில்லை. போகட்டும், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அத்தானும் மறந்துவிட்டார். அம்மா உனக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள். பல் டாக்டராம். உன் வாயை அடக்க அப்படி ஓர் ஆள் வேண்டாமா? வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பதினேழை விழுங்கினாள் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

அன்று நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பத்தடி தூரத்தில் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் யார் சும்மா விடுகிறார்கள்? ஒரு சத்தமும் இல்லை அக்கா. கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவளுடைய மஞ்சள் கவுன் மட்டும் தண்ணீரில் விரிந்து கிடந்தது. சுற்றி ஆறு பெரியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குதித்துத் தூக்கினேன். உதடெல்லாம் நீலம். அத்தானின் சித்தப்பா, "தலைகீழாப் புடிடா, வயித்த அமுக்கு, தண்ணி வெளிய வரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவரைத் தள்ளிவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஓர் அம்மா ரப்பர் பொம்மையை வைத்து முதலுதவி வகுப்பு எடுத்திருந்தார். மூழ்கியவருக்கு முதலில் மூச்சு, வயிற்றைத் தொடக்கூடாது, பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அந்தப் பொம்மைக்கு எங்கள் சூப்பர்வைசர் பெயரை வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்.

ஐந்து மூச்சு கொடுத்தேன். இரண்டாவதிலேயே அந்தச் சின்ன நெஞ்சு உயர்ந்தது. என் காற்று அக்கா, அது அவள் நெஞ்சைத் தூக்கியது. பிறகு முப்பது வரை எண்ணி நெஞ்சை அமுக்கினேன். மறுபடி மூச்சு. மூன்றாம் சுற்றில் இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இப்போதும் வேலைக்கு நடுவில் அதை நினைத்துக்கொண்டு ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிடுகிறேன்.

ஆனால் நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெற்றவள் சொன்னதையே காதில் வாங்காதவன் நாளைக்கு ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பான்? எனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. குட்டி பக்கமும் நான் வரமாட்டேன்.

தம்பி


ஜூன் 15

தம்பி,

உன் கடிதம் காலையில் வந்தது. அத்தானிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உன்னிடம் சொல்லவே இல்லையடா.

துண்டு எடுக்க உள்ளே போனேன். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. உள்ளே கண்ணாடியைப் பார்த்ததும் தலையைச் சீவிக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸில் வந்தவர், "யாரு பாத்துக்கிட்டிருந்தது?" என்று கேட்டார். எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார். "தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. அத்தானும் நீயும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. நீ மறுப்பாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீயோ என்னை நம்பிவிட்டாய்.

போன கடிதத்தில் உன்னைப் பெரிய மனதோடு மன்னித்து எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்தால் தகும்! மத்தியானத்தில் அவள் தூங்கும்போது, இந்த நெஞ்சுக்குள் உன் மூச்சு போய் வந்திருக்கிறது என்று நினைத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். உன்னைப் போய்க் குற்றவாளி ஆக்கினேன்.

இப்போதெல்லாம் தண்ணீர் பக்கம் போனால், ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சரி, நான் பாக்குறேன்" என்று அவர் பதில் சொன்ன பிறகுதான் நகர்கிறேன். குளியலறை வாளியைக்கூடக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஜூன் 20

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். சுவருக்கு ஒன்றுமில்லை, சூப்பர்வைசர்தான் வெலவெலத்துப் போனார்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஐந்து மாதமாக என் கையையே நம்பாமல் ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை முடுக்கினேன். ஆனால் யாரும் சொல்லாவிட்டாலும் நானும் அங்கேதானே இருந்தேன்? அந்த ஆறு பேரோடு நான் ஏழாவது ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். குட்டியை நீச்சல் வகுப்பில் சேர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் மூச்சு கொடுக்கப் பழக வேண்டும், சித்தப்பா உட்பட. பெண் பார்க்கும் விஷயத்தை அம்மாவிடம் நான் நேரிலேயே பேசிக்கொள்கிறேன்.

கதவைத் திறந்ததும் அழ ஆரம்பிக்காதே, மன்னிப்பும் கேட்காதே. அதையெல்லாம் நான் திட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் அவளை என் மடியில் உட்கார வை. அவள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி