மஞ்சள் பூசிய இறால்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
18-8-1986

அன்புள்ள மகன் சவுரிராயனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறோம். கொச்சியில் உன் நலத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறோம். கப்பலேறும் மீனுக்கெல்லாம் நலம் என்று சான்றிதழ் கொடுக்கிற ஆபீசில் இருப்பவனுக்கு, பெற்றவர்கள் நலமா என்று ஒரு கார்டு போட நேரம் இருக்காதுதான். நாங்கள் இறாலாகப் பிறந்திருந்தால் இந்நேரம் ரெண்டு தடவையாவது சோதித்துப் பார்த்திருப்பாய்.

போன லீவில் வந்தபோது, மரக்காணத்து இறாலுக்கு ஜப்பானில் என்ன மவுசு தெரியுமா என்று தொம்மை மாமாவிடம் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாய் அல்லவா, அது நன்றாகவே பற்றிக்கொண்டது. உன் அம்மாவின் தம்பி இப்போது வெறும் மீன் வியாபாரி இல்லை, ஏற்றுமதியாளர். மரக்காணம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிறான். ஓடு உரித்த இறாலை ஐஸ் வைத்து மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் கப்பலேற்றுவார்களாம். உரிக்க நம் தெருப் பெண்கள், அவர்களுக்குத் தலைவி உன் அம்மா. தொப்பி இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்றதால், வந்த தையலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளைக் காடாவில் நான்தான் தொப்பி தைத்துக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள் பார், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது.

சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி சோதனைக்கு வந்த அன்றைக்குத்தான் கூத்து. கையோ இறாலோ, எதைக் கழுவினாலும் குளோரின் தண்ணீரில்தான் என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். உன் அம்மாவுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. இன்னாடா தொம்மை, ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது, வர்றவரு மூக்கைப் பொத்திக்கினு போயிடுவாரு என்றாள். அவன் அதிகாரியின் ஜீப்பை எதிர்பார்த்து ரோட்டுக்குப் போன நேரத்தில், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எப்படிக் கழுவுவாளோ அப்படியே கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறிக் கழுவிவிட்டாள். மாதிரிக்கு எடுத்து வைத்த தட்டு இறாலை மட்டும் கழுவினால் ஏமாற்று வேலை ஆகிவிடுமாம். மனசாட்சி உள்ளவள், மொத்தச் சரக்கையும் கழுவினாள். அதிகாரி வந்து இறாலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கலர் ஏற்றிய சரக்குக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். மதியச் சாப்பாடு நம் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. அதே மஞ்சள் போட்ட இறால் வறுவலை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அம்மா கைமணம் ரொம்ப நல்லாருக்குங்க என்று ஏப்பம் விட்டார். ஜப்பான்காரன் உடம்புக்கு ஆகாதது அவர் உடம்புக்கு ஆகிவிட்டது. நீயும் அங்கே யார் வீட்டு அம்மா கழுவியதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாயோ.

மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை. உன் அம்மா அன்றிலிருந்து ஷெட் பக்கமே போகவில்லை. என் கை பட்டாலே வெளங்காதுங்க, வுட்டுடுங்க என்கிறாள். அக்கா இல்லாம நாங்க மட்டும் எப்படிப் போறது என்று மற்ற பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மாதம் மறுசோதனை. அதற்குள் இவர்கள் போகாவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான். வீட்டில் இப்போது குழம்புக்குக்கூட மஞ்சள் கிடையாது. வெளுத்துப்போன குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன் என்றால் நிலைமை எப்படி என்று புரிந்துகொள்.

நானும் தேற்றிப் பார்த்தேன். உன்மேல தப்பு இல்லடி என்று ஆரம்பிக்கும்போதே வாயில் ஒரு கிண்டலும் சேர்ந்து வந்துவிடுகிறது, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லையடா. நீ எழுது. சான்றிதழ் ஆபீஸ்காரன் சொன்னால் நம்புவாள். என் பெயருக்கு வேண்டாம், செபஸ்தியம்மாள் என்று அவள் பெயருக்கே போடு. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பெரிய எழுத்தாக எழுது. குளோரின் எதற்கு என்று சொல், சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்றும் சொல், ஷெட்டுக்குப் போகச் சொல். கிண்டல் மட்டும் வேண்டாம், அந்த விஷயத்தில் நீ என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பையனுக்கு என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டேன். மீன் வாங்குனா நல்லா கழுவித் துன்னச் சொல்லுங்க என்றாள். மஞ்சள் போட்டு என்றும் எப்போதும் சொல்வாள், இந்தத் தடவை சொல்லவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா,
அ. ராயப்பன்