கிணற்றடிக்குப் போகாத மாதங்கள்

2024 மார்ச் 5, செவ்வாய்

முன்பள்ளியிலிருந்து மற்ற ரீச்சர்மார் பிள்ளை பார்க்க வந்துபோனார்கள். பிஸ்கட், பேபி சோப், ஒரு மஞ்சள் சட்டை. "டினோஜா ரீச்சர், எப்ப திரும்பி வாறியள்? உங்கட வகுப்புக் குஞ்சுகள் ஒவ்வொரு நாளும் கேக்குதுகள்." வாறன், வாறன் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் கதிரையில் இருந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். ஜெனிற்றா மடியில் என்றால் தூங்குகிறாள், பாயில் கிடத்தினால் வீறிடுகிறாள். றோய் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார். சமையலும் துணியும் அவருடைய அம்மா, மாமிதான். முதல் பேரப்பிள்ளை என்ற சந்தோஷத்தில் அவருக்குக் களைப்பே தெரிவதில்லை. எனக்குத்தான் எல்லாக் களைப்பும்.

மார்ச் 8, வெள்ளி

எழுதலாமா என்று தெரியவில்லை.

பின்னேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். மாமி துணி அலசிக்கொண்டிருந்தார். கிணற்றுக்கட்டு என் இடுப்பளவு உயரம். திடீரென்று ஒரு யோசனை: இவளை இப்போது உள்ளே போட்டுவிட்டால்?

யாரும் காதில் சொல்லவில்லை. என் யோசனைதான். தண்ணீர்ச் சத்தம்கூட மனதில் கேட்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தேன். இறுக்கியதில் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

எந்தத் தாய்க்காவது இப்படி வருமா?

மார்ச் 9, சனி

இன்றைக்கும் வந்தது. மூன்று முறையோ நான்கோ.

மார்ச் 14, வியாழன்

கிணற்றடிப் பக்கம் போவதில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட மாமியைக் கேட்கிறேன். முதுகு நோகுது என்று பொய். யோசனை வந்தால் "அருள் நிறைந்த மரியே" சொல்கிறேன். நடுவில் ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது நடந்துவிடும் என்று மனம் சொல்கிறது. ஒரு பிடவை மடிப்பதற்குள் எத்தனை தரம் தொடங்குகிறேன்!

நேற்று மீன் வெட்டும்போது கத்தியைப் பார்த்து வேறொரு யோசனை. கத்தியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். மாமி தேடித் திரிந்து கண்டெடுத்து, "ஆர் இதை இஞ்ச வைச்சது?" என்றார்.

றோயிடம் கேட்டேன்: "நான் நல்ல தாய்தானே?" "இதென்ன கேள்வி? நல்ல தாய்தான்." கொஞ்ச நேரம் மனம் ஆறியது. பிறகு மறுபடி கேட்டேன். பிறகும் கேட்டேன். "உனக்கு நித்திரை காணாது, படு" என்றார்.

மார்ச் 23, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இந்த மாதத்தில் எத்தனையாவது தரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறேன். வெளியே வரும்போது உடம்பு இறகுபோல் இருக்கும். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள், சரியாகச் சொன்னேனா, ஒன்றை விட்டுவிட்டேனா என்று தொடங்கிவிடும்.

இன்றைக்கு ஃபாதர் என்னை முழுதும் சொல்ல விடவில்லை.

"பிள்ளை, இதுக்கு நான் பாவமன்னிப்புத் தரமாட்டன்."

அவ்வளவு பெரிய பாவமா?

"பாவமெண்டால்தானே மன்னிப்பு. நீங்கள் விரும்பாமல் வாறது பாவமில்லை. இது வருத்தம். எங்கட பிரேமினி மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ, அவ டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவா. இனி இதைச் சொல்லிக்கொண்டு இஞ்ச வரவேண்டாம். வேற பாவம் இருந்தால் வாங்கோ."

பிரேமினி மிஸ், பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வரும் மருத்துவமாது. அவவிடம் சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடமாட்டார்களா? பொலிஸ், கோட்டில் வழக்கு, பேப்பரில் பெயர்...

மார்ச் 25, திங்கள்

றோயிடம் சொன்னேன். பிள்ளை மாமியிடம் இருந்த நேரம் பார்த்து, குசினியில் வைத்து. ஒரேயடியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அப்பிடிச் செய்யமாட்டாய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செய்வியோ?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தானே நான் நாள் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

பின்னேரம் மாமிக்கும் தெரிந்துவிட்டது. றோய்தான் சொன்னார். மாமி பிள்ளையின் பாய், தலையணி, நாப்கின் எல்லாவற்றையும் தன் அறைக்கு எடுத்துப் போனார். பால் கொடுக்க மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்; கொடுத்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

பிள்ளை அந்த அறையில். எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஆறுதலாக இருக்குது, கடவுளே! என்ன தாய் நான்?

ஏப்ரல் 2, செவ்வாய்

பிரேமினி மிஸ் ஓட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. மனநலக் கிளினிக். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று தோளில் போட்டிருந்த சோலால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு முன்னால் இருந்தவர் படகுகள் வைத்திருக்கும் எங்கள் ஊர்ச் சம்மாட்டி ஒருவர். அவரும் என்னைக் கண்டு தொப்பியை இறக்கிக்கொண்டார். இரண்டு பேரும் அறியாதவர்கள்போல் சுவரைப் பார்த்தோம்.

டொக்டர் முஸ்பிரா. சின்ன வயது, களைத்த முகம், கதைக்கும்போது எழுதுவதை நிறுத்திவிடுகிறார். நான் பாதி சொன்னதும் மீதியை அவரே கேட்டார். "கத்தியை ஒளிச்சு வைச்சனீங்களா? செபத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறனீங்களா? நான் செய்யமாட்டன்தானே எண்டு வீட்டுக்காரரைக் கேக்கிறனீங்களா?" என் வீட்டுக்குள் இருந்து பார்த்ததுபோல்.

"இப்பிடி ஒரு யோசினை கனக்கத் தாய்மாருக்கு வரும். 'சீ, என்ன இது' எண்டு விட்டிட்டுப் போயிடுவினம். உங்களால விட ஏலாமல் கிடக்கு. விரட்ட விரட்ட அது திரும்பி வருது. இதுக்கு எண்ணச் சுழற்சி நோய் எண்டு பேர்."

எனக்கு விசரா என்று கேட்டேன்.

"அந்தச் சொல்லை இந்த அறையில நான் பாவிக்கிறேல்லை. பிள்ளைப்பேறுக்குப் பிறகு வேற ஒரு வருத்தமும் வாறது. அதில, இல்லாத குரல் கேக்கும், பிள்ளை பேய் எண்டு உண்மையாவே நம்புவினம். அது ஆபத்து, அண்டைக்கே வாட்டில மறிப்பம். அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி கேட்டனான். உங்களுக்கு அது இல்லை. உங்களுக்கு அந்த யோசினையைக் கண்டாலே நடுங்குது."

"பிள்ளையை எடுத்திடுவீங்களா?"

"ஏன் எடுக்கவேணும்? மாமியிட்ட இருக்கிற பிள்ளையைத் திருப்பித் தரச்சொல்லித்தான் சொல்லப்போறன்."

குளிசை தந்தார். பால் கொடுக்கலாமாம். சுகம் தெரிய வாரக்கணக்காகும், தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டும், விடாமல் குடியுங்கோ என்றார்.

ஓட்டோவில் வரும்போது அழுதேன். பிரேமினி மிஸ் கச்சான் கடலை வாங்கித் தந்தா.

ஏப்ரல் 6, சனி

சாப்பிட்டதெல்லாம் சத்தி. தலைச்சுற்று. யோசனை முன்னையைவிடக் கூட வருவதுபோல் இருக்கிறது.

மாமி பெட்டியைக் கண்டுவிட்டார். "விசர்க் குளிசையைக் குடிச்சுப்போட்டு அந்தப் பாலையோ பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிறாய்?" கடையில் பால்மா வாங்கி வந்துவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கே சந்தேகம்தானே. குளிசையை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பிரேமினி மிஸ் வந்தா. பால்மாப் பேணியைக் கண்டதும் விளங்கிவிட்டது. மாமியைப் பக்கத்தில் இருத்தி, "திரேசம்மா அக்கா, உங்களுக்குப் பிரஷருக்கு நான்தானே குளிசை எடுத்துத் தாறனான்? அதை விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டா.

"அது இரத்தத்தில. இது மண்டையில."

"மண்டையும் உடம்பிலதானே இருக்கு."

மாமி எழும்பிப் போய்விட்டார். குசினிக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்: "எனக்குப் பிள்ளையில பயமில்லை, மிஸ். இவளுக்கு என்னவோ நடந்திடுமெண்டுதான் பயம். எங்கட ஒழுங்கையில ஒருத்தி பிள்ளை பெத்து மூண்டாம் மாசம் தூக்கில தொங்கினவள். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை அவளை."

நான் அறைக்குள் இருந்தேன். மாமி என்னைக் காவல் காக்கிறார் என்று நினைத்திருந்தேன். காவல்தான். ஆனால் என்னிடமிருந்து பிள்ளையை மட்டும் அல்ல.

பின்னேரம் ஒரு குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து, விழுங்கும்வரை நின்றார். பிள்ளையின் பாயும் என் அறைக்குத் திரும்பி வந்தது.

ஏப்ரல் 30, செவ்வாய்

கிளினிக். இந்த முறை றோயும் வந்தார். சத்தி நின்றுவிட்டது. யோசனை வருகிறது, ஆனால் பழைய வேகம் இல்லை. டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு மற்ற வைத்தியத்தைச் சொன்னார். கேட்டதும் எழும்பி ஓட வேண்டும்போல் இருந்தது.

பயப்படுகிறதையே செய்ய வேண்டும். சின்னதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. செபத்தைப் பரிகாரமாகச் சொல்லக்கூடாது. விரும்பினால் கோயிலில் செபிக்கலாம், யோசனைக்கு மருந்தாக அல்ல. கத்தி இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பயம் ஏறும், ஏறட்டும், ஓடாமல் இருந்தால் தானாக இறங்கும்.

றோயிடம் சொன்னார்: "அவ 'நான் செய்யமாட்டன்தானே' எண்டு கேட்டால், 'மாட்டாய்' எண்டு சொல்லாதேங்கோ."

"பிறகு என்ன சொல்லுறது?"

"தெரியாது எண்டு சொல்லுங்கோ."

"டொக்டர், அது எப்பிடி…"

"நாளைக்கு என்ன நடக்குமெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் அதோட நித்திரை கொள்ளுறம். அவவும் பழகவேணும். நீங்கள் ஒவ்வொரு தரம் ஆறுதல் சொல்லேக்கையும் அந்த வருத்தத்துக்குத்தான் சாப்பாடு போடுறீங்கள்."



மே 4, சனி

கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது போய், "இஞ்சேருங்கோ, நான் பிள்ளையை ஒண்டும் செய்யமாட்டன்தானே?"

ஊசி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய வாய் "மாட்டாய்" என்று தொடங்கியதை நான் கண்டேன்.

"எனக்குத் தெரியாது, டினோ" என்றார்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவர் வலையைப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனாலும் "மாட்டாய்" என்று சொல்லவில்லை.

மாமி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பொழுது சாயும்போது பார்த்தால் பயம் இறங்கியிருந்தது. யாரும் இறக்கவில்லை. தானாக.

மே 11, சனி

எழுதச் சொன்னார் டொக்டர். எழுதுகிறேன். நான் என் பிள்ளையைக் கிணற்றில் போட்டுவிடக்கூடும். நான் என் பிள்ளையைக் கிணற்றில் போட்டுவிடக்கூடும். வாசிக்க வேண்டும், அலுக்கும்வரை.

இன்னும் அலுக்கவில்லை.

மே 19, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. பயிற்சியும் இல்லை, பூசைக்கும் போகவில்லை. களைத்துப்போனேன். மற்றப் பெண்கள் பிள்ளையை வளர்க்கிறார்கள். நான் பிள்ளையையும் வளர்த்து, இதையும் வளர்த்து... குளிசை மட்டும் குடித்தேன்.

மே 23, வியாழன்

அலுத்துவிட்டது. உண்மையாகவே. வாசித்துக்கொண்டிருக்கும்போது அரிசி கழுவ வேண்டுமே என்று நினைவு போனது.

யூன் 4, செவ்வாய்

கிணற்றுக்கட்டில் இருந்தேன். பிள்ளை மடியில். மாமியை வீட்டுக்குள் போகச் சொல்லியிருந்தேன். போனார், யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார், வெளியே ஓடிவராமல் நிற்பது அவருடைய பயிற்சி.

முதலில் மூச்சு எடுக்க முடியவில்லை. போட்டால்? போட்டால்? போட்டால்? "அருள் நிறைந்த" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். ஜெனிற்றா என் சங்கிலியைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். எச்சில் கழுத்தெல்லாம் ஒழுகியது. நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது, இடித்து இடித்து அதற்கும் அலுத்ததுபோல் மெல்லக் குறைந்தது. பிறகு வெயில்தான் தெரிந்தது. எழும்பி வந்தேன். அவளை நானே குளிப்பாட்டினேன்.

பெருமையாக இல்லை. முழு வலையையும் தனியாக இழுத்ததுபோல் ஒரு அலுப்பு.

யூன் 27, வியாழன்

முன்பள்ளியில் எட்டிப் பார்க்கப் போனேன். ஒரு சின்னவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். உடனே வந்தது: இவளை ஏதாவது செய்துவிட்டால்? புதுப் பிள்ளை, புது யோசனை. அவளைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். முழுதும் திரும்பத் தொடங்கிவிட்டதா? இத்தனையும் வீணா?

யூலை 2, செவ்வாய்

டொக்டருக்கு ஆச்சரியமே இல்லை. "ஆளை மாத்திக்கொண்டு வரும். வருத்தம் அதேதான், வைத்தியமும் அதேதான்." முழுக்கப் போய்விடுமா என்று கேட்டேன். "சிலருக்குப் போகும். சிலருக்கு இடைக்கிடை வந்து தட்டும். தட்டுற நேரமெல்லாம் கதவைத் திறக்கவேணுமெண்டு இல்லை." குளிசையை ஒரு வருடமாவது விடக்கூடாதாம்.

சம்மாட்டியை இன்றைக்கும் கண்டேன். "சுகமா, ரீச்சர்?" என்றார். ஓம் என்றேன். அவரையும் கேட்டேன்.

யூலை 22, திங்கள்

காலையில் மட்டும் முன்பள்ளி. பன்னிரண்டு மூக்குகள், எல்லாம் சளி. யோசனை வந்தது. மூக்குத் துடைத்தேன்.

ஓகஸ்ட் 15, வியாழன்

மடு மாதா திருநாள். மாமி நேற்றே ஊர்ச்சனத்தோடு பஸ்ஸில் போய்விட்டார். றோய் விடியவே விடத்தல்தீவுக்கு, ஒரு பழைய படகு எஞ்சின் பார்க்க. ஜெனிற்றாவுக்குப் பல் முளைக்கிறது போல, காலையிலிருந்து ஒரே சிணுங்கல். தவழ்ந்து போய் வெங்காயக் கூடையைக் கவிழ்த்தாள். ஏசினேன். உதட்டைப் பிதுக்கினாள். தூக்கினேன். சோறு வடிக்கும்போது இடுப்பில், மீன் வெட்டும்போது பக்கத்தில் பாயில், துணி காயப்போடும்போது மறுபடி இடுப்பில். மத்தியானம் அவளைத் தூங்கவைக்கப் படுத்து, நானும் தூங்கிவிட்டேன்.

போன் அடித்துத்தான் எழும்பினேன். றோய்.

"எஞ்சின் சரிவராது. வாறன். ஆர் வீட்டில நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நானும் பிள்ளையும்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான்.

அந்தப் பக்கம் கரையில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"என்ன கறி?" என்று கேட்டார்.

"திருக்கை."

"உறைப்பாய் வைச்சியோ?"

"ஓம். கெதியா வாங்கோ, ஆறப்போகுது."