ஞானஸ்நானம் ஒன்றுதான்

மே 5, திங்கள்

சிரொக்கோ. ஆபிரிக்காவில் இருந்து சூடும் மண்ணும் சேர்ந்து இந்த இத்தாலித் தீவுக்கு வருகிற காற்று. பல்கனியில் காயப்போட்ட வெள்ளை எல்லாம் மஞ்சள். திரும்ப அலசினேன். லிஃப்ட் வேலையில்லை. பிறஷர் 158/90.

டொக்டர் பிறஷர் எழுதத்தான் இந்தக் கொப்பியை வாங்கச் சொன்னார். என் படிப்பு இரண்டாம் வகுப்பு, எழுத்து கோணல். ஆனால் இலக்கத்தை மட்டும் எழுதி என்ன பயன்? அதை ஏற்றுகிற ஆளையும் எழுத வேண்டாமா?

ஆள்: அமெரிக்காவில் இருந்து வந்த ரீச்சர் அம்மா. தலை முழுக்க நரை. பங்குனியில் இருந்து எங்கள் நடு அறையில் வாடகைக்கு. கூட்டி வந்தது மகள் ஜெசிந்தா (இனி ஜெ.). ஜெ. இப்போது எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்கு வருவதில்லை. பிரான்காச்சோ என்கிற பகுதியில் பழைய கராஜ் ஒன்றில் பாப்டிஸ்ட் சபை கூடுகிறது, அங்கே போகிறாள். ரீச்சரும் அந்தச் சபை. பின்னேரங்களில் அதே கராஜில் பிள்ளைகளுக்குச் சும்மா இங்கிலீசு படிப்பிக்கிறார்.

இன்றைக்கு ரீச்சர் செய்தவை:
– சாப்பாட்டுக்கு முன் செபம். சொதி ஆறி ஆடை படிந்தது.
– என் வைன் கிளாசைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.
– அவர் அறையில் நான் மாட்டியிருந்த மடு மாதா படத்தைக் கழற்றி, பூப்போட்ட துவாயில் சுற்றி, என் கட்டிலில் வைத்திருந்தார். மரியாதையாகத்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 6, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. பி. 172/96. காரணம் கீழே.

ஜெ. தான் துப்புரவு செய்கிற இத்தாலியச் சினியோராவின் வீட்டு வேலை முடித்து வந்து, சப்பாத்துக் கழற்றாமலே சொன்னாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறன். கடலிலை."

"நீ எடுத்தாச்சு."

"அது குழந்தையிலை. அவையள் அதைக் கணக்கெடுக்கிறேல்லை அப்பா."

"ஆர் அந்த அவையள்?"

ரீச்சரின் அறைக் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவைப் பார்த்துத்தான் கத்தினேன்.

கணக்கில் வராத அந்தத் தண்ணீரை ஊற்றியது நான். மன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய படகு. ஜெ. பிறந்து ஒரு கிழமை ஆகவில்லை. நடுக்கடலில் அழுகை நின்றது. உதடு நாவல்பழ நிறம். சாகப்போகிற பிள்ளைக்குச் சுவாமியார் கிடைக்காவிட்டால் யாரும் ஊற்றலாம், அது எங்கள் வேதச் சட்டம். மனுசி சொன்னாள், "ஊத்துங்கோ, பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ." படகுத் தண்ணீர் இறைக்கிற பால்மாப் பேணி. கடல் தண்ணீர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூன்றாம் தரம் ஊற்றப் பிள்ளை தும்மியது. பக்கத்தில் இருந்த கிழவனின் சாரம் பச்சைக் கோடு, தொடைப்பக்கம் தையல் விட்டது. அதுவும் ஞாபகம். அக்கரையில் சுவாமியார் எல்லாம் விசாரித்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசினார். "ஊத்தினது போதும்" என்றார்.

மனுசி இப்போது இல்லை. அந்தப் படகுக்குச் சாட்சி நான்தான் மிச்சம். அது ஞானஸ்நானம் இல்லையென்றால் அன்று நான் செய்தது என்ன? பிள்ளையை நனைத்ததா?

மே 7, புதன்

காற்று விழுந்தது. சந்தையில் கத்தரிக்காய், சூடை மீன். பஸ்ஸுக்குக் காத்து நின்றதில் முன்பு சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்க மரம் ஏறிய முழங்கால் முறுகியது.

மருமகன் அல்பிரட், ஜெ.யின் புருசன், போனில். ஹோட்டல் குசினியில் இருந்து.

"மாமா, ரெண்டு தரம் முழுகினா என்ன? மிஞ்சிப் போனால் தடிமன்தானே வரும்."

இவனுக்கு எல்லாம் குளிப்பு. நல்ல பிள்ளை, ஆனால் ஒன்றுக்கும் உதவாத நியாயம்.

ரீச்சரின் இரவு செபம் நேற்றையதை விட நீளம். என் பெயரும் அதற்குள் வந்தது. என்னைக் கேளாமல் என்னைப் பற்றிக் கடவுளிடம் கதைப்பதற்கு இவர் யார்?

மே 8, வியாழன்

வெளிச்ச நாள். பி. 165/92. குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் வந்து எதிரே இருந்து தானும் முறித்தார். எல்லாம் ஒரே அளவு, அடிமட்டம் வைத்தது போல. ஜெ.யைக் கூப்பிட்டு, படகுக் கதையை என் வாயால் கேட்க வேண்டும் என்றாராம்.

சொன்னேன். ஜெ. இங்கிலீசில் மொழிபெயர்த்தாள். நான் சொன்னது நீளம், அவள் சொன்னது கட்டை.

"முழுக்கச் சொல்லு பிள்ளை."

"முழுக்கச் சொல்லேலாது. நடுவிலை நீங்கள் அவவை ஏசினதும் கிடக்கு."

பிறகு ரீச்சர் தன் கதை சொன்னார். சோளக்காட்டுக்கு நடுவில் ஓர் ஊர். தகப்பன் அங்கே பிரசங்கி. இவர் ஒரே பள்ளிக்கூடத்தில் தாய்க்கும் படிப்பித்து, அவள் பிள்ளைக்கும் படிப்பித்தாராம். பனிக்காலத்தில் பள்ளிக்கூட பஸ்ஸையும் தானே ஓட்டினாராம். கல்யாணம் இல்லை. சீட்டு, நடனம், வைன் ஒன்றும் இல்லை. ஊரில் பிள்ளைகள் குறைய, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டை விற்றுப் பிள்ளைகள் உள்ள இடம் தேடி வந்தாராம். சிறு பெண்ணாய் ஓடையில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த அன்று கரையில் பனிக்கட்டி. முழுக்கியது தகப்பன்.

அந்த இடத்தில் பிடித்தேன். "அவவின்ரை தேப்பன் செய்தாச் சரி, நான் செய்தாப் பிழையோ? கேள்."

ஜெ. கேட்டாள். ரீச்சர் பயற்றங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். ஜெ. மெல்லச் சொன்னாள்:

"தானாக் கேக்குமட்டும் தன்ரை தேப்பன் காத்துக்கொண்டு இருந்தவராம். படகிலை விசுவாசிச்சது நீங்களாம். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதாம். அது பெரிய விசுவாசம், ஆனா உங்கடை, என்ரை இல்லையாம். ஞானஸ்நானம் ஒண்டுதானாம்."

"ஞானஸ்நானம் ஒண்டுதான் எண்டுதானே நானும் கத்துறன்!"

"ஓம் அப்பா. ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுறியள். எனக்குத்தான் தலை இடிக்குது."

விசுவாசம் என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்றது மட்டும் காதில் நிற்கிறது. கோபமே அதனால்தான்.

மே 9, வெள்ளி

ஜெ. பாத்திரம் கழுவிக்கொண்டு சாட்சி பாடமாக்கினாள். அந்தச் சபையில் தண்ணீரில் இறங்கும் முன் எல்லோருக்கும் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டர் இத்தாலிய மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பகலில் கார் திருத்துகிற மனிதர், நகம் எல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு வசனம்: இதுவரை நான் ஞானஸ்நானம் பெறாதவள்.

"முழுகு. நான் தடுக்கேல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லாதை."

"அதைச் சொல்லாட்டி முழுக்குவாரோ தெரியாது அப்பா."

"சொன்னா நான் கரைக்கு வரமாட்டன்."

தண்ணீரை மூடினாள். துடைத்தாள். "பாப்பம்" என்றாள். தாயும் இப்படித்தான், முடிவெடுத்த பிறகுதான் பாப்பம் என்பாள். என்ன முடிவு என்று சொல்ல மாட்டாள்.

மே 10, சனி

பி. 176/98. வைன் இரண்டு கிளாஸ். ரீச்சர் யன்னலைப் பார்த்தார்.

மே 11, ஞாயிறு

முதற்பூசை கண்டேன். திரும்பி வர வீட்டில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் போனேன்.

கல்லுக் கரை. சின்ன அலை. வெள்ளை உடுப்போடு ஜெ., முழங்கால் மட்டத் தண்ணீரில் ரீச்சர், இடுப்பு மட்டத்தில் பாஸ்டர். கரையில் கிட்டார் ஒன்று. முழுக்கும்போது மற்றக் கையைப் பிடிக்க அல்பிரட் நிற்க வேண்டியது, ஹோட்டலில் ஆள் வராததால் கூப்பிட்டுவிட்டார்கள். பாஸ்டருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு வளையாது, தனியே முடியாது. பிடிக்கக்கூடிய ஆம்பிளை கரையில் கிட்டார்க்காரன். அவனுக்கு நீந்தத் தெரியாதாம். தீவில் பிறந்தவன்.

ஜெ. என்னைக் கண்டாள். கூப்பிடவில்லை. சாட்சி தொடங்கினாள். அந்த வசனம் வருகிற இடத்தில் நின்றாள். பிறகு எழுதிக் கொடுக்காததைச் சொன்னாள். எனக்கு விளங்குகிற இத்தாலிய மொழிதான்.

"முதல் தரம் அப்பா ஊற்றினார். எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். இன்றைக்கு எனக்குத் தெரியும்."

பாஸ்டர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர், பிள்ளை பிழையாக வாசித்தால் பார்க்கிற பார்வையோடு ஜெ.யைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். ஆமென் சொல்லவில்லை. தலையை மட்டும் ஒருதரம் ஆட்டினார்.

நான் சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினேன். குளிர். மற்றக் கையைப் பிடித்தேன். பாஸ்டர் ஒரேயடியாய் முழுக்கினார். ஊற்றுகிறது வேறு, தாழ்க்கிறது வேறு. தலை தண்ணீருக்குள் போனபோது என் கை விடவில்லை, தூக்கியது நான்தான் முதலில். மேலே வந்து தும்மினாள்.

ரீச்சர் ஜெ.க்கு ஒரு துவாய் போர்த்தினார். எனக்கும் ஒன்று நீட்டினார். மாதாவைச் சுற்றிய அதே பூப்போட்ட துவாய்.

பி. பார்க்கவில்லை.

மே 13, செவ்வாய்

மழை. அல்பிரட் சொன்ன தடிமன் வந்தது. ஜெ.க்கு இல்லை, எனக்கும் இல்லை. ரீச்சருக்கு. பாறை உடைக்கிறது போல் இருமல், கராஜில் வகுப்பு இல்லை.

மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணந்து பார்த்தார். "நோ வைன்" என்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். செபம். "ஆறப்போகுது ரீச்சர்" என்றேன், கேட்கவில்லை. ஜெசிந்தா என்றார். என் பெயர் வந்தது. பிறகு போட் என்று ஒரு சொல். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அது ஒன்று, படகு. திரும்பவும் போட். கதவில் சாய்ந்து நின்றேன், முடியுமட்டும்.

ஆறிவிட்டது. கொண்டுபோய்த் திரும்பச் சூடாக்கினேன்.