பரிசோதகர் ஒளித்த மாத்திரை

அன்பு மகளுக்கு,

உன் அம்மா நலம். நீ எனக்குக் கொடுத்த சிறுநீரகமும் இப்போதைக்கு நலம். உன்னிடம் மிச்சமிருக்கும் இன்னொன்று எப்படி இருக்கிறது என்பதை நீ எழுதினால்தான் தெரியும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்பாய். முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். கேள்வி முடியும் முன்பே வரும் பதிலை நம்பமாட்டேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் சிறுநீரகத்தை என் உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமலிருக்க, காலை எட்டு, மாலை எட்டு என்று ஒரு மாத்திரை விழுங்குகிறேனே, ரத்தத்தில் அதன் அளவு ஏழு இருக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு மூன்று என்று வந்தது. அடுத்த முறை இரண்டரை. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உன் அம்மாவிடம் கேட்டார், "ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று. என்னிடம் கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவனின் முகம் எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் சோதனைதான். "வாயத் திறங்க, நாக்கத் தூக்குங்க, அந்தப் பக்கம்" என்பாள். காலி அட்டைகளை பிஸ்கட் டப்பாவில் சேர்த்து எண்ணினாள். "அது எம் பொண்ணோடது, உங்க இஷ்டத்துக்கு விட முடியாது" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் போலி விற்கிறாரோ என்று பழைய அட்டையையும் புதிய அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். கடையை மாற்றினேன். ரத்தம் எடுப்பவர் குழாயில் என் பெயரை ஒட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். "உக்காருங்க சார், உங்க ரத்தத்த வச்சு நான் என்ன பண்ணப் போறேன்" என்றார். உன் அம்மாவே மாத்திரையை மாற்றி வைக்கிறாளோ என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன். எழுதக் கூசுகிறது.

அளவைக் கூட்டினார்கள். ஏறவில்லை. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கத் தேதி குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரி மருந்தாளர், உன் வயதுதான் இருக்கும், வேறு மாதிரி கேட்டாள். "இது தவிர வேற என்னெல்லாம் வயித்துக்குள்ள போகுது?" ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவள் சீட்டின் பின்பக்கம் ஒரு சுவர் வரைந்தாள். சிறுகுடலின் சுவர். அதன் செல்களில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றனவாம். சில, மருந்தை உள்ளே அழைத்துப் போகும். சில, உள்ளே வந்ததைப் பிடித்து மறுபடி குடலுக்கே தள்ளும். என் மாத்திரைக்கு வாய்த்தது இரண்டாவது வகை. "நீங்க முழுங்குறது நிஜம் சார். ஏறுனவங்கள அடுத்த ஸ்டாப்லயே எறக்கி விட்டுடுறாங்க" என்றாள். என் தொழிலை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தள்ளும் புரதங்களைச் சில மூலிகைகள் பெருக்கிவிடும், கல்லீரலையும் முடுக்கிவிட்டு, தப்பி வந்த மருந்தையும் சீக்கிரமே சிதைத்துவிடும். முக்கியமாக மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி என்றாள். என் காது சூடானது.

என் பழைய தோல்பையில், டிக்கெட்டில் துளையிடும் கருவிக்குப் பக்கத்தில், ஒரு புட்டி. மேலே மஞ்சள் பூப் படம். மனச்சோர்வுக்கு. நீ ஊரை விட்டுப் போன இரண்டாம் மாதம் வாங்கியது. டிப்போ நண்பர் சொன்னார், "செடிதானப்பா, ஒண்ணும் பண்ணாது" என்று. உன் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போகும் நேரத்தில் தினம் ஒன்று. சோர்வு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உடம்பிலிருந்து ஒன்றை அறுத்துக் கொடுத்தவள் நீ. அதற்குப் பிறகும் அப்பாவுக்கு என்ன குறை என்று நீ நினைப்பாயே. வாங்கிக்கொண்டவனுக்குச் சோர உரிமையில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் புட்டியை மேசையில் வைத்தேன். உன் அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஊரையே எறக்கி விட்டீங்களே, உங்க பைய யாரு பாக்குறது?" என்றாள்.

சதையில் லேசான பாதிப்புதான், அடக்கிவிட்டார்கள். புட்டி போய் நான்கு வாரம். நேற்று அளவு ஏழு. சோர்வுக்கு இப்போது டாக்டருக்குத் தெரிந்தே வேறு மாத்திரை. இரவு ஓரளவு தூக்கம் வருகிறது.

இனி உன் முறை. இரண்டு ஞாயிறாக வீடியோவில் முகம் காட்டாமல் பேசுகிறாய். நான் கேட்காமலே "தலைவலி போயிடுச்சு" என்றாய். தலைவலி வந்ததை எப்போது சொன்னாய்? அதற்குக் கடையில் எதையோ வாங்கி விழுங்கியிருப்பாய். எது, எத்தனை? ஒற்றைச் சிறுநீரகத்துக்கு எல்லா வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது. அதைவிட, எதற்காகத் தலைவலி? நான் என் பையைக் கொட்டிக் காட்டிவிட்டேன். நீயும் காட்டு. அபராதம் கிடையாது.

நீண்ட ஆயுளோடு இரு. தண்ணீர் நிறையக் குடி. வருடாந்திர ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அப்படியே அனுப்பு, உன் வாயால் சொல்வது செல்லாது.

உன்னுடையதைச் சுமக்கும்
அப்பா