கூட்டத்தில் வாசித்தது

தெமாங்குங்,
8 மே 2020

நிங்ரும் கண்ணு,

போனில் நீ பேசுவது என் காதில் சரியாக விழுவதில்லை. கடிதம்தான் எனக்கு வசதி. சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கொரோனா குறைவாகவே வருகிறதாம் என்று எழுதியிருந்தாயே, அதை வியாழக்கிழமை யாசீன் ஓதும் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எனக்கு ஒரே பெருமை. வழக்கம்போலத் தட்டில் கிராம்பு சிகரெட் சுற்றி வந்தது. மூச்சிழைப்புக்காக நான்கு வருடமாக விட்டிருந்த பக்கத்து வீட்டு வாகிமானும் ஒன்றை எடுத்தான். "லைப்ரரில வேலை பாக்குற புள்ளயே எழுதிருக்கு. இனி என் பொண்டாட்டி வாயத் திறக்கட்டும், பாப்போம்!" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

*

யோக்யகர்த்தா,
17 மே 2020

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு பதறிவிட்டேன். நான் எழுதியது அவசரமாக வெளிவந்த முதல் கணக்கு. நோயாளிகள் பலரிடம் புகைப்பழக்கம் உண்டா என்று சரியாகக் கேட்கவே இல்லையாம். நோய் வந்துவிட்டால், புகைப்பவர்களுக்குத்தான் அது முற்றுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். உங்களைச் சீண்டுவதற்காக, பாதி படித்ததை எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது.

இதையும் வியாழக்கிழமை கட்டாயம் வாசியுங்கள். முக்கியமாக வாகிமான் மாமா கேட்க வேண்டும். நீங்களும் விட்டுவிடுங்கள், அப்பா.

நிங்ரும்

*

தெமாங்குங்,
26 ஜூன் 2020

கண்ணு,

வாகிமான் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தான். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை.

நேற்று அவன் பெண்டாட்டி துகினெம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "ஏண்ணே, அது தப்புன்னு உங்க பொண்ணு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். நீ எழுதியிருந்தாய். நான்தான் வாசிக்கவில்லை. என் பெண் தப்பாக எழுதிவிட்டாள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

சிகரெட்டை விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அப்பா

*

யோக்யகர்த்தா,
3 ஜூலை 2020

அப்பாவுக்கு,

துகினெம் அத்தைக்கு எழுதிவிட்டேன். சரியாகப் படிக்காமல் அந்தச் செய்தியை அனுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மாமா சிகரெட்டைத் தொடாமலிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது என்றும் எழுதினேன்.

இரண்டாவதாக ஒரு கடிதம் அனுப்பியதை மட்டும் எழுதவில்லை. அத்தை கேட்டது உங்களிடம். நீங்கள் வாய் திறக்கும்வரை அவர் என்னைத்தான் நொந்துகொள்வார். நொந்துகொள்ளட்டும்.

ஆனால் ரொம்ப நாள் ஆக்கிவிடாதீர்கள், அப்பா.

நிங்ரும்