அப்பாவின் சோதனை ஓட்டம்

சாந்த்ராகாச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பூர்ணிமாவுக்கு, அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா ஏறக்குறைய நலம், ஏன் ஏறக்குறைய என்பது கீழே வருகிறது. கிளாஸ்கோவில் நீ நலம் என்பதை நீ போடுகிற போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போனில் ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். எதிர்வீட்டு வங்காளி அண்ணி சுப்ரியா பௌதி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அப்பா கண்ணிலும் படாது, அதுதான் எனக்கும் வசதி.

கூடாரத்தோடு மலையைச் சுற்றப்போகிறேன், எதை வாங்கலாம் என்று நீ அனுப்பிய இரண்டு சைக்கிள் படங்களும் வந்தன. ஒன்று ஒன்பது கிலோ, காற்றடித்தால் பறந்துவிடும் போலிருக்கிறது, ஆனால் அதில் கேரியர் மாட்ட முடியாதாம், சின்னச் சின்னப் பைகளை அங்கங்கே கட்டிக்கொள்ள வேண்டுமாம். இன்னொன்று இரும்புச் சட்டம், பதின்மூன்று கிலோ, முன்னும் பின்னும் கேரியர். இந்த நாலு கிலோவுக்காகத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். போன தடவை இங்கிருந்து நீ கொண்டுபோன பருப்புப்பொடியும் ஊறுகாயுமே அதற்கு மேல் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் ஓடியவளும் நீதான். சுமையைக் குறைக்கப் பல் துலக்குகிற பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டேன் என்று வேறு பெருமை. இன்ஜினீயரிங் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

எதை வாங்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்டாய் பார், அங்கேதான் வினை. ரயில்வே யார்டில் வேகன் பரிசோதித்து ரிட்டயர் ஆன மனிதரிடம் லோடு பற்றிக் கேட்டால் சும்மா இருப்பாரா. "எங்கிட்டக் கேட்டா பாரு, எம்பொண்ணு" என்று மார்க்கெட்டில் மீன்காரன் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். பிறகு சோதனை ஓட்டம் என்று கிளம்பினார். உன் கூடாரத்துக்குப் பதில் நம் பழைய ஹோல்டால் படுக்கைச் சுருட்டு, அடுப்புக்குப் பதில் என் பிரஷர் குக்கர், மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அரிசி மூட்டை. அத்தனையையும் தன் பழைய சைக்கிளின் பின் கேரியரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார். பாரத்தை ஒரே பக்கம் ஏற்றிவிட்டார்கள் என்று வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரைத் திட்டியவர், தன் சைக்கிள் என்று வந்ததும் அதையே செய்தார். முன்னாடியும் கொஞ்சம் கட்டலாமே என்றேன், "வேகனப் பத்தி உனக்கென்ன தெரியும்" என்று கேட்டார். தெரியாதுதான்.

ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள், துர்கைக்கு நட்ட மூங்கிலில் முதலில் போய்ச் சாய்ந்தவர் உன் அப்பா. அரிசி தெருவெல்லாம் சிதறியது, புறாக்களுக்கு அன்றே பூஜை தொடங்கிவிட்டது. பந்தல் போடுகிற கிளப் ஆட்கள் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சுப்ரியா பௌதி ஓடிவந்து, தாதா, அதாவது உன் அப்பா, ஏன் மூட்டை முடிச்சோடு வீட்டை விட்டுக் கிளம்பினார், உங்களுக்குள் சண்டையா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தாள். மணிக்கட்டு சுளுக்கு, முட்டியில் கொஞ்சம் தோல் போயிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. "விழவேயில்ல, எறங்குனேன்" என்கிறார். மீசையில் மண் ஒட்டவில்லையாம். ஒட்டியிருந்தது, நான்தான் துடைத்துவிட்டேன். உனக்குச் சொன்னால் பயந்துபோய்ப் பயணத்தையே விட்டுவிடுவாய், சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் கட்டோடு உட்கார்ந்து இப்போது தீர்ப்பு சொல்லியிருக்கிறார். கேரியர் இல்லாதது வேண்டாம், இரும்பையே வாங்கு, பாரத்தை முன்னும் பின்னும் பிரித்துக் கட்டு, கனமானதைக் கீழே வை, பின்சக்கரத்தில் கம்பிகள் நிறைய இருக்கிறதா பார். மூங்கிலில் மோதிப் பெற்ற ஞானம், உனக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

சைக்கிள் கிடக்கட்டும். உன் பத்து நாள் லீவும் சரியாகப் பூஜை நாட்களில் வருகிறது என்பதை நீ எழுதவில்லை, காலண்டரைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். போன வருஷம் புது வேலை, அதற்கு முந்தைய வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை, இந்த வருஷம் கூடாரம். அக்டோபர் மழையில் ஆளில்லாத மலையில் ஈரத்தில் படுக்க உனக்கு நேரம் இருக்கிறது, சந்தோஷம். எனக்கு வருத்தம்தான் பூர்ணி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்லமாட்டார். நீ இந்தத் தடவையும் வரவில்லை என்று தெரிந்த மறுநாள் காலையில்தான் அவர் அந்த மூட்டையைக் கட்டினார்.

போகாதே என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. கடைக்காரனிடம் எனக்காக ஒன்று மட்டும் கேள். இந்த சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவர முடியுமா என்று கேள். முடியும் என்றால், ஒன்பதோ பதின்மூன்றோ, அதையே வாங்கு. கூடாரத்தை நம் மொட்டைமாடியில் அடித்துக்கொள், கொசுக்கள் உனக்குத் துணையிருக்கும். அப்பாவுக்கும் பக்கத்தில் சைக்கிள் ஓட்ட ஆள் கிடைக்கும், பாரத்தை எங்கே கட்டுவது என்று இருவரும் சண்டை போடலாம்.

எங்கே போனாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வா, நூறு வயது இரு, மழைக்கோட்டை மறக்காதே. பாத்ரூம் தம்ளரில் எங்கள் இரண்டு பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் உனக்கும் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முழு பிரஷ்.

இப்படிக்கு,
உன் அம்மா
கல்பனா செல்வராஜ்